முன்னால் தெறித்த சேறு

மூட்டைக்காரரின் இடுப்பு அன்று காலையிலேயே வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது. மச்சானின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பதினொரு பள்ளங்களைத் தாண்டி வந்ததில், முதுகெலும்பின் அடியில் யாரோ கடப்பாரையை நட்டு, அவ்வப்போது ஆட்டிப் பார்ப்பது போலிருந்தது. இருபத்திரண்டு வருஷம் லாரிக்கு லோடு ஏற்றிய முதுகு அது. நூறு கிலோ மூட்டையை முனகாமல் சுமந்தது. துப்பறியும் தொழிலுக்கு வந்த நாலே வருஷத்தில் ஒரு ஸ்கூட்டரின் பின்சீட்டிடம் தோற்றுப் போயிருந்தது.

"இறங்குங்க அத்தான். ஸ்டாப்பிங் வந்தாச்சு" என்றான் மச்சான். மனைவியின் தம்பி, பழைய பஸ் கண்டக்டர், இப்போது இவருக்கு உதவியாளன். ஊரே அவனை டிக்கெட் என்றுதான் கூப்பிடும்.

"இருடா. கால் எது, ஸ்டாண்டு எதுன்னு தெரியல."

"ரெண்டுல எது துருப்பிடிச்சிருக்கோ அது உங்க கால்."

ஒர்க்‌ஷாப் வாசலில் பால்வண்டி அக்கா காத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாகப் பிக்கப் வண்டி ஓட்டிப் பால் கேன் இறக்குகிறவள். மணிக்கட்டு இரண்டும் ஆண்பிள்ளைக் கனம். அழுகிற ரகமில்லை. ஆனால் கையில் வைத்திருந்த வண்டிச் சாவியைத் திருகித் திருகிக் கட்டைவிரல் சிவந்திருந்தது.

"அண்ணே, சுருக்கமா சொல்லிடறேன். மலைமேல பால் பண்ணை இருக்கு. மழை பெஞ்சா அந்த ஏத்தத்துல சாதா வண்டி ஏறாது. பின்சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டு நின்ன இடத்துலயே குழி தோண்டும். அதனால என் வண்டியை நாலு சக்கரமும் இழுக்கற மாதிரி மாத்திக் குடுக்கச் சொல்லி இந்த மெக்கானிக்கிட்ட விட்டேன். ஒரு மாசம் ஆச்சு. நேத்து மத்தியானம் வேலை முடிஞ்சுது, காலைல வந்து எடுத்துக்கோன்னார். வந்து பாத்தா வண்டி இல்ல."

"போலீஸ்?"

"மெக்கானிக் வேணாம்னு கையப் பிடிச்சுக்கிட்டார். எனக்கும் அதுக்கு நேரமில்ல. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள என் வண்டி பண்ணை வாசல்ல நின்னாகணும். நின்னா தினசரிப் பால் ஏத்தற வேலை எனக்கு. இல்லன்னா போட்டிக்கு நிக்கற டிராக்டர்காரனுக்கு. அவனுக்குப் போச்சுன்னா, நான் அவன்கிட்டயே கூலிக்கு ஸ்டியரிங் பிடிக்கணும்."

மணி எட்டேகால்.

உள்ளே மெக்கானிக் நின்றிருந்தார். இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, முழங்கைகளை விரித்து, தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே தான் வருவது போன்ற நிற்பு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கைப்பிடி வைத்த அண்டா. சுவரோரம் பெஞ்சில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின.

டிக்கெட்டுக்கு மனசு இளகிவிட்டது. "அழாதீங்கக்கா. எங்கத்தான் கண்டுபிடிச்சிருவார். காணாமப்போன அவரோட செருப்பைத் தவிர எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருக்கார்."

அந்தத் தோள்கள் இன்னும் பலமாகக் குலுங்கின.

மூட்டைக்காரருக்கு நிற்க முடியவில்லை. முற்றத்து மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய சாமான் குவியல் இருந்தது. மேலே தேய்ந்த டயர்கள், நசுங்கிய ஆயில் டின்கள், ஓட்டை சைலன்சர். அதில் போய் முதுகைச் சாய்த்தார். என்ன சுகம். குவியல் லேசாக உள்வாங்கி, திரும்ப வந்து, கடப்பாரை நட்டிருந்த இடத்தைச் சரியாக அமுக்கிவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "இந்த நாலு சக்கர வேலை எப்படி? படிக்காதவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

மெக்கானிக்குக் குஷி வந்துவிட்டது. "சாதா வண்டில எஞ்சின் சக்தி ஒரே ஒரு ஷாஃப்ட்டுல பின்னால போகுதுண்ணே. நான் நடுவுல ஒரு பெட்டி வெச்சேன். அதுதான் சக்தியப் பங்கு பிரிக்கும். சீட்டுப் பக்கத்துல ஒரு கம்பி. அதை இழுத்தா நாலு சக்கரம், விட்டா ரெண்டு." பெட்டியைப் பற்றிப் பேசினார். பெட்டிக்கு அடித்த ஓட்டைகளைப் பற்றிப் பேசினார். பின் ஷாஃப்ட்டைக் குட்டையாக வெட்டிய கதையைச் சொல்லிவிட்டு, வெட்டிய துண்டையும் கொண்டுவந்து காட்டினார். பத்து நிமிஷம் ஓடியது.

"முன்பக்கம்?"

"அதான், ஒரு பழைய ஜீப்போட ஆக்சில் மாட்டினேன்" என்று முடித்துக்கொண்டார்.

மூட்டைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். ஆயில் டிரம்முக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்த ஒரு பேனர் தெரிந்தது. ஓரத்தில் பெரிய எழுத்தில் 'நாலு சக்கரமும்' என்பது வரைக்கும் படிக்க முடிந்தது.

"யார் மேல சந்தேகம்?"

"பேர் சொல்லக் கூடாது. என்கிட்ட இருந்த வெல்டர். போன வாரம்தான் வேலைய விட்டு அனுப்பினேன். வாய் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, பெயர் சொல்லாத பெருந்தன்மையோடு தலையைத் திருப்பினார்.

அந்தத் திருப்பலில்தான் டிக்கெட் அதைப் பார்த்தான். வெளியே வந்ததும் கிசுகிசுத்தான். "அத்தான், அவர் தலைக்குக் குளிச்சிருக்கார். சட்டை புதுசு. நகக்கண்ணுகூட சுத்தம். ஆனா காதுக்குப் பின்னாடி ஒரு கை மண்ணு அப்பியிருக்கு. சிவப்பு மண்ணு."

"இந்தத் தெருவுல சிவப்பு மண் ஏது?"

"தெருவுல ஏது, ஊருலயே ஏது. மலை ஏத்தத்துல மட்டும்தான்."

"வண்டி காணாமப் போச்சுன்னா ஒருத்தன் தலையில அடிச்சுக்குவான், இல்ல நெஞ்சுல அடிச்சுக்குவான். பேனரைச் சுருட்டி ஒளிச்சு வைக்க மாட்டான். எட்றா ஸ்கூட்டரை."

"உங்க இடுப்பு?"

"அது பின்னால நடந்து வரட்டும்."

*

ஏற்றத்தின் அடிவாரத்தில் பாதை ஒரு வெள்ளையடித்த தடுப்புச் சுவரின் முன்னால் போய் இடது பக்கம் வளைந்தது. வளைவுக்கு முன் சகதி. சகதியில் நாலு குழிகள், ஒரு பிக்கப் வண்டியின் நாலு சக்கரங்களும் இருக்க வேண்டிய இடத்தில். சுற்றிலும் புது டயரின் தடம், வார்த்தெடுத்த மாதிரி.

"வண்டி இங்க சிக்கியிருக்கு" என்றான் டிக்கெட். "அப்புறம் அப்படியே பின்வாங்கி ஊர்ப்பக்கம் திரும்பிப் போயிருக்கு. அத்தான், திருடினவன் மலைக்கு வந்துட்டு, பிடிக்கலைன்னு வீட்டுக்குப் போயிட்டானா?"

மூட்டைக்காரர் மெல்லக் குனிந்து பார்த்தார். குழிகளைச் சுற்றி நடந்தார். பின்குழிகளிலிருந்து சேறு பின்பக்கமாகச் சிதறியிருந்தது. அது நியாயம். முன்குழிகளிலிருந்து சேறு முன்பக்கமாகச் சிதறியிருந்தது.

அவர் இரண்டாவது தடவையும் சுற்றி வந்தார். அதேதான்.

"டிக்கெட், நான் எத்தனை லாரியச் சகதியில தள்ளியிருப்பேன்?"

"ஊர்ல ஓடின எல்லாத்தையும்."

"தள்றவன் மூஞ்சிலதான் சேறு அடிக்கும். முன்னால நிக்கிறவன் சட்டை மடிப்புக் கலையாம 'தள்ளு தள்ளு'ன்னு கத்திக்கிட்டிருப்பான். இருபத்திரண்டு வருஷத்துல முன்னால நின்னவன் மேல ஒரு சொட்டு விழுந்து நான் பாத்ததில்ல. அது ஒரு பெரிய மனக்குறை எனக்கு. இங்க பாரு."

தடுப்புச் சுவரைக் காட்டினார். வெள்ளைச் சுவர் முழுக்கச் சிவப்புச் சேறு தெறித்துக் காய்ந்திருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அந்த வெள்ளைக்கு ஒரு தலை இருந்தது. இரண்டு பக்கமும் விரித்த முழங்கைகள் இருந்தன. நடுவில் அகலமான வயிறு இருந்தது.

இரண்டு கைப்பிடி வைத்த அண்டா.

டிக்கெட் போய் அந்த வெள்ளை உருவத்துக்குள் நின்று, கையை இடுப்பில் வைத்துப் பார்த்தான். நாலு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. "எனக்கு லூசா இருக்கு அத்தான். இதுக்கு அளவு எடுத்தவர் வேற." பிறகு அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூட்டைக்காரரும் சிரித்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் இடுப்பில் ஒரு வெட்டு விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"ஆனா ஒண்ணு" என்றான் டிக்கெட் கண்ணைத் துடைத்தபடி. "திருடன் ஓட்ட, மெக்கானிக் முன்னால நின்னு வழியனுப்பி வெச்சாரா?"

"திருட்டே நடக்கலடா. இவர் வண்டியச் சோதிச்சுப் பாக்கக் கொண்டுவந்திருக்கார். வேற யாரோ ஓட்டியிருக்காங்க. இவர் முன்னால நின்னு தன் கைவேலைய ரசிச்சிருக்கார். அப்ப என்னமோ ஆகியிருக்கு. என்னன்னு கேக்க ஒரு ஆள் இருக்கான்."

"யாரு?"

"வாய் ஜாஸ்தியான ஆள்."

*

வெல்டர் கடைத்தெருவில் ஒரு ஜன்னல் கம்பி செய்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. முப்பது வயது இருக்கும். முன்கையெல்லாம் பொறி பட்ட புள்ளிகள்.

"திருட்டுப் பட்டம் குடுத்துட்டாரா" என்றான், ஆச்சரியப்படாமல். "நான் சொன்னது நடந்திருக்கும். அதான்."

"என்ன சொன்னே?"

"ஆக்சில்னா ரெண்டு சக்கரத்தையும் சேக்கற அச்சு, அதுல பல்சக்கரம் இருக்கற ஒரு உருண்டை வரும்ணே. அந்த ஜீப்புல உருண்டை இடது கைப்பக்கம். இந்த வண்டிக்கு முன் ஷாஃப்ட் வர்றது வலது கைப்பக்கம். வேற ஆக்சில் தேடியிருக்கணும். தேடினா ரெண்டு நாள் ஆகும். இவர் அதே ஆக்சிலைக் குப்புறக் கவுத்தார். உருண்டை வலப்பக்கம் வந்துருச்சு. ரெண்டு முனையையும் வெட்டித் திருப்பி வெல்டு வெக்கச் சொன்னார். வெச்சேன்."

"சரி, வந்துருச்சுல்ல?"

வெல்டர் கிரைண்டரை எடுத்தான். ஒரு இரும்புத் துண்டில் வைத்து ஓட்டினான். பொறி முழுக்க வலது பக்கம் பறந்தது. "பாத்துக்கங்க." கிரைண்டரை அப்படியே குப்புறத் திருப்பி, அதே இரும்பில் வைத்தான். பொறி இடது பக்கம் பறந்தது. இடது பக்கம் டிக்கெட் நின்றிருந்தான். தவளை மாதிரி ஒரு தாவு தாவினான்.

"மோட்டார் அதேதான். கவுத்ததுல சுத்து மாறிப்போச்சு" என்றான் வெல்டர். "'அண்ணே, பின்சக்கரம் முன்னால போகச் சொல்லும், முன்சக்கரம் பின்னால போகச் சொல்லும், வண்டி நின்ன இடத்துல ஆடும்'னேன். தெருவே கூடி வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கு. 'நேத்துப் பொறந்தவன் எனக்குச் சொல்றான்'னு என் டூல் பெட்டியத் தூக்கி வெளிய வெச்சுட்டார்."

மூட்டைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிக்கிய வண்டி ஏன் பின்வாங்கியது, பேனர் ஏன் சுருண்டது, மெக்கானிக்கின் வாய் ஏன் முன்பக்கத்துப் பேச்சு வந்ததும் மூடிக்கொண்டது, எல்லாம். ஆக்சிலைச் சத்தமில்லாமல் திருப்பி மாட்ட இரண்டு நாள் வேண்டும். அதுவரை வண்டி காணாமல் போயிருக்க வேண்டும். சரி, இத்தனை பெரிய வண்டியை எங்கே ஒளித்திருப்பார்?

அவர் கை தானாகப் போய் இடுப்பைத் தடவியது. தடவிய இடத்திலேயே நின்றது.

"டிக்கெட். காலைல நான் எதுல சாஞ்சேன்?"

"குப்பையில."

"குப்பையில சாஞ்சா குத்தும். இல்லன்னா சரியும். உள்ள வாங்கி மெத்துன்னு திரும்பி வந்துச்சுடா. எவ்வளவு லோடு ஏத்தியிருக்கேன், லாரி இடுப்பு எப்படி அசையும்னு என் இடுப்புக்குத் தெரியாதா?" அவர் வெல்டரைப் பார்த்தார். "தம்பி, ஸ்பேனர் எடுத்துக்கிட்டு வா."

*

மணி பத்து. மூட்டைக்காரர் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தார். யாரிடமும் பேசாமல் நேராகப் போய்க் குவியலில் முதுகைக் கொடுத்து, மாடு சுவரில் உரசுவது மாதிரி மூன்று தரம் தள்ளினார். குவியல் கீழும் மேலுமாகக் குதித்தது. உச்சியில் இருந்த டயர் உருண்டு வந்து மெக்கானிக்கின் காலடியில் சுற்றிப் படுத்தது.

"ஏண்ணே" என்றார் மூட்டைக்காரர், "பழைய சாமானுக்கு எப்ப ஸ்பிரிங் வெச்சீங்க?"

டிக்கெட் தார்ப்பாயின் முனையைப் பிடித்து இழுத்தான். ஆயில் டின்கள் தாளம் போட்டுக்கொண்டு சரிந்தன. உள்ளே பால்வண்டி அக்காவின் பிக்கப், மூக்கு முழுக்கச் சிவப்புச் சேறோடு நின்றது.

பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெக்கானிக்கின் மனைவி துண்டை எடுத்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்னால முடியலண்ணே, நேத்து சாயங்காலத்துலேருந்து முடியல" என்றாள் விக்கி விக்கி. "நான்தான் ஓட்டினேன். இவரு முன்னால நின்னு 'இழு கம்பியை'ன்னார். இழுத்தேன். 'மிதி'ன்னார். மிதிச்சேன். அவ்வளவுதான், ஆளையே காணோம், ரெண்டு கண்ணு மட்டும் தெரியுது. அப்பவும் இடுப்புல வெச்ச கையை எடுக்கலண்ணே."

காலையில் அவளைத் தேற்றிய டிக்கெட் அசடு வழிய நின்றான்.

பால்வண்டி அக்கா சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, கீழே குனிந்து பார்த்து, நிமிர்ந்தாள். "காலைலேருந்து இதுக்குப் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றாள் மெதுவாக. "ஏன்னு மட்டும் சொல்லிடுங்க."

மெக்கானிக்கின் கைகள் முதல் தடவையாக இடுப்பிலிருந்து இறங்கின. "தெரு பூராத் தம்பட்டம் அடிச்சுட்டேன்மா. ரெண்டு நாள் கிடைச்சா சரி பண்ணிருவேன். திருட்டுன்னா பண்ணையில தவணை குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

"டிராக்டர்காரன் குடுப்பானா?"

மணி பத்தேகால். அக்கா வெல்டர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, பின் ஷாஃப்ட்டைக் கழட்டிட்டா?"

"நாலு நட்டு. கால் மணி நேரம். ஆனா அப்புறம் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். அதுவும் தலைகீழா. முதல் கியர் போட்டா வண்டி பின்னால போகும்."

"பின்னால போகட்டும். எஞ்சின் எடை முன்சக்கரத்து மேலதான இருக்கு? வாலை மலைப்பக்கம் திருப்பிட்டா, ஏத்தத்துல மொத்த எடையும் சரிஞ்சு அதே முன்சக்கரத்து மேலதான உட்காரும்? அப்ப பிடிச்சு ஏறுமா ஏறாதா?"

வெல்டர் யோசித்தான். ஸ்பேனரைக் கையில் தட்டினான். பிறகு அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. "அக்கா, ஏறும். ஆனா மலை பூரா கண்ணாடியப் பாத்துக்கிட்டே ஓட்டணும்."

"பதினெட்டு வருஷமா சந்து சந்தா ரிவர்ஸ்ல போய்க் கேன் இறக்குறேன். நீ நட்டைக் கழட்டு."

*

பதினொன்றரைக்கு அந்த ஊர்வலம் ஏற்றத்தின் அடியில் நின்றது. பிக்கப்பின் வால் மலையைப் பார்த்தது, மூக்கு ஊரைப் பார்த்தது. முன்பக்கம் எடை போதாது என்று வெல்டர் சொன்னதால், பானெட்டின் மேல் மெக்கானிக்கை ஏற்றி உட்கார வைத்தார்கள். தொழிலுக்கு அவருடைய தொப்பை உதவிய முதல் நாள். அவருக்குத் துணையாக மூட்டைக்காரரும் ஏறிக்கொண்டார். வெல்டர் வண்டிக்குள் அக்காவுக்குப் பக்கத்தில். டிக்கெட் ஸ்கூட்டரில் பின்தொடர்வதாக ஏற்பாடு.

அக்கா கம்பியை இழுத்தாள். முதல் கியர். மிதித்தாள்.

சகதி வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஒரு முழு மூச்சுக்கு ஒன்றும் நடக்கவில்லை. முன்சக்கரங்கள் சுற்றின, தோண்டின, ஒரு கல்லைக் கண்டுபிடித்தன. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, மகாராணி சபையை விட்டுப் போவது போல, முகத்தை இந்தப் பக்கம் காட்டிக்கொண்டே பின்னால் ஏறத் தொடங்கியது. சேறு முழுக்கக் கீழே பறந்தது. கீழே ஸ்கூட்டரில் வந்தவன் டிக்கெட்.

"அத்தான்" என்று ஒரு சிவப்பு உருவம் கத்தியது, "உங்க மனக்குறை தீர்ந்துச்சா?"

மூட்டைக்காரர் பானெட்டில் துள்ளித் துள்ளிச் சிரித்தார். நாலாவது துள்ளலில் முதுகில் 'டக்' என்று ஏதோ விட்டது. கடப்பாரையை யாரோ பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் சத்தம் போட்டுச் சொன்னார், "போச்சுடா, போயே போச்சு." மெக்கானிக் வண்டிதான் போச்சு என்று நினைத்து வைப்பரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வளைவில் ஒருமுறை வால் விளிம்புப் பக்கம் நழுவியது. சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. அக்கா ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை, பிரேக்கைத் தொடவில்லை. மிதியைக் கடுகளவு தளர்த்தி, கண்ணாடியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். சக்கரம் பிடித்தது. வண்டி ஏறியது.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பண்ணை வாசலில் வந்து நின்றது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பானெட்டில் அமர்ந்திருந்த இரண்டு பேரைப் பார்த்தார்.

"ஏம்மா பின்பக்கமா வருது?"

"கேன் ஏத்த வசதி சார்" என்றாள் அக்கா. "நேரா நிறுத்திட்டுத் திருப்பிக்கிட்டிருந்தா நேரம்தான் வீண். ரெண்டு நாள்ல நேராவும் வரும்."

மேலாளருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வண்டி ஏற வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அக்கா அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவள் சிரித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

மலை இறங்குவதற்கு முன் வெல்டர் மெக்கானிக்கின் எதிரே போய் நின்றான்.

"ஆக்சிலைத் திருப்ப நான் வரேண்ணே. கூலிகூட அப்புறம் பேசிக்கலாம். அதே தெருவுல, அன்னிக்கு நின்ன அத்தனை பேர் முன்னாடி, 'நீ சொன்னதுதான் சரி'ன்னு ஒரு தடவை சொல்லிடுங்க."

"அதுக்கென்ன" என்றார் மெக்கானிக். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். "தெருவுக்குப் போய்ச் சொல்றேன்" என்றார்.

ஆக்சில் இரண்டு நாளில் நேராகிவிட்டது. அக்காவின் வண்டி தினமும் மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறது. பேனரும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மூட்டைக்காரர் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் வெல்டரிடம் ஒரு பார்வையால் கேட்பார். வெல்டர் தலையை ஆட்டுவான், இன்னும் இல்லை என்று.

மெக்கானிக் வெல்டருக்குத் தர வேண்டியது மூன்றே வார்த்தை. அது இன்னும் பாக்கி.